எலுமிச்சம்பழம் உருண்ட பக்கம்

சாமி படத்தை இடம் மாற்றி வைத்தது காளியம்மாதான். பிச்சைமுத்து சொன்னது அலமாரியை.

“அலமாரிய இழுத்து அந்தச் செவுத்தோரமா வச்சிட்டா வேல முடிஞ்சிச்சு லா. யாரு நவுத்திப் பாக்கப் போறா?”

“வீடு வாங்க வர்றவங்க அலமாரிய நவுத்தத்தான் செய்வாங்க. கறையான் இருக்கா, பூச்சி இருக்கான்னு பாப்பாங்க. சாமிய நவுத்த மாட்டாங்க.”

சொல்லி முடித்த பிறகுதான் தான் சொன்னது என்ன என்று காளியம்மாவுக்கே உறைத்தது. பிச்சைமுத்து அவளை ஏறிட்டுப் பார்த்தார். இத்தனை காலம் கூட வாழ்ந்தவளுக்குள் இப்படி ஒரு யோசனை கிடந்திருக்கிறதே என்று நினைத்தாரோ என்னவோ, சுத்தியலை எடுத்து வந்தார்.

ஆணி அடிக்கும்போதே பூச்சு பொலபொலவென்று கொட்டியது. மூன்றாவது இடத்தில்தான் ஆணி நின்றது. சமையலறை மூலையில் கிழக்கு பார்த்து இருந்த மாரியம்மன் படம் கூடத்துக்கு வந்தது. படம் மறைத்தது சுவர் வெடிப்பின் மேல் பாதியை. கீழ்ப் பாதிக்கு, பால் டின் வந்த மரப்பெட்டி ஒன்றை நாலு செங்கல்மேல் சுவரோடு ஒட்டிப் போட்டு, அதன்மேல் சிவப்புத் துணியைத் தரைவரை தொங்கவிட்டு, விளக்கையும் விபூதித் தட்டையும் வைத்தாள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. முன்பைவிட லட்சணமாகவே இருந்தது. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

அந்த வெடிப்பு சன்னலின் கீழ் முனையில் புறப்பட்டு, சாய்வாக இறங்கித் தரையைத் தொட்டது. முதலில் தலைமுடி போலத்தான் இருந்தது. இப்போது சுண்டுவிரல் போகும். அவர்கள் வீடு நாலு மாடிப் பிளாட்டின் கீழ்த்தளத்தில், கடைசி வீடு. அந்த இடம் பழைய ஈயக்குட்டை, ஈயம் தோண்டிவிட்டுப் போன பள்ளம், என்பது வாங்கும்போது தெரியாது. மணலைக் கொட்டித் தூர்த்து, மேலே கட்டிவிட்டார்கள். குடிவந்த மறு வருஷமே வாசல் கதவு தரையில் இடித்தது. தச்சு வேலை செய்யும் துக்காங்கைக் கூப்பிட்டு அடியில் இழைத்தார்கள். அடுத்த மழைக்கு மறுபடியும் இடித்தது. மறுபடியும் இழைத்தார்கள். கட்டிக் கொடுத்தவர்களின் ஆபீசைத் தேடிப் போனபோது அங்கே ஒருவன் மோட்டார் சைக்கிள் பழுது பார்த்துக்கொண்டிருந்தான்.

இதெல்லாம் பொறுத்துக்கொண்டதுதான். போன மாசம் மகள் நவமணி காலை வேலைக்குத் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்க எழுந்து, பாயைச் சுருட்டாமல் குளிக்கப் போனாள். திரும்பி வந்து பார்த்தால் தலையணைமேல் தட்டு அகலத்துக்குப் பூச்சு விழுந்து கிடந்தது. அன்றைக்கே காளியம்மா சொல்லிவிட்டாள்.

“இத வித்துருவோம். நமக்கு ஒரு பொம்பளப் புள்ள. புந்தோங்ல ஒரு ரூம்பு வாடகைக்குக் கெடைச்சாலும் போதும்.”

யார் வாங்குவார்கள் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை. முகம் தெரியாத யாரோ வருவார்கள், பார்ப்பார்கள், போவார்கள். அப்படித்தான் மனசில் இருந்தது. ஆனால் பிச்சைமுத்து சிலிம் ரிவரில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், அங்கே ராமையாவைப் பார்த்துவிட்டார்.

வந்து சொன்னபோது காளியம்மா அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“தோட்டத்த வித்துட்டாங்களாம். தைப்பூசத்துக்குள்ள லயத்தக் காலி பண்ணணுமாம். ராமையா சகல வீடு தேடிக்கிட்டு இருக்காரு. நம்ம வீட்டச் சொன்னேன்.”

“யாருக்கு? செல்லாயி அக்காவுக்கா?”

“வேற யாருக்கு?”

“ஒங்களுக்கு ஆளே கெடைக்கலயா?”

“கேட்டாரு, சொன்னேன். வாய்ல வந்துருச்சு. இப்ப இல்லன்னு சொன்னா ஏன்னு கேப்பாரு. ஏன்னு சொல்றது?”

களைந்த தண்ணீரைக் கொட்டும்போது அரிசியும் பாதி கொட்டிப்போனது.

ராமையாவின் பெண்சாதி செல்லாயி கூடப்பிறந்தவள் இல்லை. கோலா கங்சார் பக்கத்துத் தோட்டத்தில் வரிசை வீடான ஒரே லயத்தில், பலகைச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒருத்தி, அந்தப் பக்கம் ஒருத்தி. நவமணி வயிற்றில் இருந்தபோது காளியம்மாவுக்கு உதிரம் பட்டுவிட்டது. படுத்தால் பேர் வெட்டிவிடுவார்கள். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்கு வந்து பேர் கொடுத்துவிட்டு, மரத்தடியில் உட்கார்ந்துகொள் என்றாள் செல்லாயி. தன் நிரை ரப்பர் மரங்களை ஓட்டமாக ஓடி வெட்டிவிட்டு, காளியம்மாவின் நிரையையும் வெட்டினாள். பால் எடுத்தாள். இரண்டு பேர் வாளியையும் காண்டாக் கம்பில் மாட்டித் தோளில் சுமந்தாள். வேலை மேய்க்கும் மண்டோர் ஒருநாள் கண்டுபிடித்துக் கேட்டதற்கு, “அவ வெட்டுறா, நான் தூக்குறேன். ஒனக்குப் பால் வந்தா போதாதா?” என்று கத்தியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாளாம். பிள்ளை பிறக்கும்வரை அப்படித்தான் நடந்தது.

மாரியம்மன் படமும் அவள் கொடுத்ததுதான். தோட்டத்தை விட்டு ஈப்போவுக்குப் புறப்பட்ட அன்று, லோரியில் சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது கொண்டுவந்து மடியில் வைத்தாள். “பட்டணத்துல ஒனக்கு யாரு இருக்கா? இவ இருப்பா.”

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சேதி வந்தது. வியாழக்கிழமை பிச்சைமுத்து சீமெண்டைக் குழைத்து வெடிப்பை அடைத்து, மேலே சுண்ணாம்பு அடித்தார். டிசம்பர் மழை. காயவே இல்லை. அதனால்தான் வெள்ளிக்கிழமை சாமி படம் கூடத்துக்கு வந்தது. சனிக்கிழமை துக்காங் வந்து கதவை இழைத்துவிட்டுப் போனான். ஞாயிறு காலையில் காளியம்மா கோழி வாங்கி வந்தாள். மொச்சை போட்டுக் கருவாட்டுக் குழம்பு வைத்தாள், செல்லாயிக்கு அது உயிர். உளுந்து வடை சுட்டாள். சமைக்கச் சமைக்க, இன்னும் ஏதாவது சமைக்க வேண்டும் போல இருந்தது.

நவமணி தலை பின்னிக்கொண்டே வந்து நின்றாள்.

“அம்மா, பெரிம்மாகிட்ட சொல்லலயா?”

“என்னத்த?”

“என்னத்தன்னு ஒனக்குத் தெரியாது பாரு.”

“நீ வேலைக்குப் போ.”

“ஞாயித்துக்கெழம எனக்கு ஏது வேல?”

“அப்ப கூட்டாளி வீட்டுக்குப் போ. இங்க நிக்காத.”

பெண் கதவைச் சாத்திக்கொண்டு போனாள். கதவு வெண்ணெயாக மூடிக்கொண்டது.

பத்து மணி வாக்கில் வந்து சேர்ந்தார்கள். முன்னால் ராமையா, கையில் குடையோடு. பின்னால் செல்லாயி, ஒரு கையில் பை, ஒரு கையில் தூக்குச்சட்டி. கடைசியில் அவள் தம்பி ஜெயபாலன். ஜெயபாலன் ஈப்போவில் ஒரு வக்கீல் ஆபீசில் பியூன். வீட்டுப் பத்திரங்களை இங்கிருந்து அங்கே தூக்கிக்கொண்டு போகிறவனாதலால், வீட்டைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை என்று தோட்டத்தில் ஒரு பேர். பட்டப்பகலில் டார்ச் லைட்டோடு வந்திருந்தான்.

“இந்தாடி ஒன் தூக்கு,” என்றாள் செல்லாயி உள்ளே நுழைந்ததுமே. “போன திருவிழாவுல எங்க வீட்டுல விட்டுட்டு வந்துட்ட. அப்பேலேருந்து அடுக்குல ஒக்காந்துக்கிட்டு என்னயவே பாக்குது.”

காளியம்மா வாங்கினாள். கனத்தது. திறந்தால் மேலடுக்கில் முருங்கைக் கீரை, ஆய்ந்து வைத்தது. கீழடுக்கில் பனங்கருப்பட்டி.

“எதுக்குக்கா இதெல்லாம்?”

“வெறுஞ்சட்டியா குடுக்கச் சொல்றியா? பட்டணத்துக்கு வந்து பழக்கமெல்லாம் மாறிப்போச்சா? ஏன் இப்படி எளைச்சிருக்க? தம்பி சோறு போடுறாரா இல்லயா?”

“வாங்க மதினி,” என்றார் பிச்சைமுத்து. குரல் கொஞ்சம் அதிகமாகவே எழும்பியது. “சகல, உக்காருங்க. காளி, காப்பி கொண்டா, வடை கொண்டா.”

ராமையா உட்கார்ந்தார். வடைத் தட்டு வந்தது. அவர் கை தட்டுக்குப் போகும்போதே செல்லாயி குறுக்கிட்டாள்.

“எடுக்காதீங்க.”

“ஒரு வடை புள்ள.”

“பொண்ணு பாக்கப் போன எடத்துல பேசி முடிக்காம யாராச்சும் கை நனைப்பாங்களா? வீடும் அப்படித்தான். தின்னுட்டு, அப்பறம் புடிக்கலன்னு எந்த வாயால சொல்லுவீங்க?”

“பொண்ணு பாத்தப்ப ஒங்க வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம உக்காந்திருந்தேன். அன்னைக்கு வந்த தாகம், இன்னும் தீரல,” என்றார் ராமையா பிச்சைமுத்துவைப் பார்த்து.

எல்லோரும் சிரித்தார்கள். காளியம்மாவும் சிரித்தாள். சிரித்தபடியே வடைத் தட்டைத் திரும்ப எடுத்தாள். உள்ளே கொண்டுபோய் மூடி வைத்தாள்.

ஜெயபாலன் வேலையை ஆரம்பித்தான். எல்லாக் குழாயையும் ஒரே நேரத்தில் திறந்தான். விளக்குச் சுவிட்சுகளைப் போட்டுப் போட்டு அணைத்தான். கக்கூசில் தண்ணீரை இழுத்துவிட்டு, நின்று காது கொடுத்துக் கேட்டான். டார்ச்சை மேல்தளத்தில் அடித்து, “மேல் வீட்டுத் தண்ணி எறங்குதான்னு பாக்கணும். பிளாட்டுல அதான் முக்கியம்,” என்றான். ஐம்பது காசை எடுத்துச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தான்.

“என்னத்துக்குத் தட்டுற? கதவத் தொறக்கச் சொல்றியா?” என்றார் ராமையா.

“சத்தத்த வச்சிக் கண்டுபுடிப்பாங்க மச்சான்.”

“என்ன சொல்லுது?”

“இப்போதைக்கு ஒண்ணும் சொல்லல.”

வாசல் கதவை மூடித் திறந்தான். “அக்கா, பாரு. ஒரு வெரலால தள்ளுறேன்.”

“லயத்துல நம்ம கதவத் தோளு குடுத்து மோதணும்,” என்றாள் செல்லாயி. குனிந்து கதவோரத்தில் இருந்த எதையோ எடுத்தாள். சுருள் சுருளாக ஒரு மரச்சீவல். காளியம்மா மூன்று தடவை கூட்டிய இடம். “என்னடி இது?”

“பலக ஒண்ணு சீவுனாருக்கா.”

“ம்,” என்று அதைச் சன்னல் வழியே எறிந்தாள் செல்லாயி.

“இந்த எடம் ஈயக்குட்டையாமே அண்ணே?” என்று கேட்டான் ஜெயபாலன், தட்டிக்கொண்டே.

பிச்சைமுத்து தயாராகத்தான் இருந்தார். “தம்பி, ஈப்போவே ஈயக்குட்ட மேலதான் உக்காந்திருக்கு. குட்ட இல்லாத எடம் வேணும்னா மலமேல ஏறி வீடு கட்டணும்.”

“அதுவும் சரிதான் லா,” என்றார் ராமையா. “இந்த வீட்ட வேணாம்னா என்னய நேரா தஞ்சோங் ரம்புத்தான் பைத்தியக்கார ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயி விட்டுரணும். சட்டு புட்டுன்னு முடிங்க. எனக்குப் பசிக்கிது.”

நம் சனம் வீடு வாங்கிப் பழகியதில்லை. தோட்டத்தில் வீடு என்பது காட்டிய இடம். கூரை ஒழுகினால் மண்டோரிடம் சொல்ல வேண்டும், மண்டோர் ஆபீஸ் கிராணியிடம் சொல்வார், அடுத்த மழைக்குள் ஒரு தகரத்தைத் தூக்கிக்கொண்டு யாராவது வந்தாலும் வரலாம். எது நல்ல சுவர், எது கெட்ட சுவர் என்று கேட்கிற உரிமையே இருந்ததில்லை. அதனால் ஜெயபாலன் தட்டிக்கொண்டிருந்தபோது செல்லாயி தனக்குத் தெரிந்த விதத்தில் வீட்டைப் பார்த்தாள். சமையலறைக்குப் போனாள். அடுப்பு மேடையைத் தொட்டாள். சன்னல் வழியே சுண்ணாம்பு மலையையும், அதன் தலைமேல் உட்கார்ந்திருந்த மேகத்தையும் பார்த்தாள். பிறகு காளியம்மாவின் பக்கம் திரும்பினாள்.

“அவனுங்க தட்டட்டும். நீ சொல்லு. இந்த வீட்டுல நிம்மதியா தூங்குனியா?”

காளியம்மா குழம்பைத் துழாவினாள்.

“என்னடி?”

“தூங்குனோம்க்கா. நல்லாத்தான் இருந்தோம்.”

“அது போதும் எனக்கு.”

அவ்வளவுதான் செல்லாயியின் சோதனை. காளியம்மா கரண்டியை வைத்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வெங்காயம் இல்லை, புகை இல்லை, செல்லாயி ஏன் என்று கேட்கவும் இல்லை.

கூடத்துக்குத் திரும்பியபோதுதான் செல்லாயி சாமியைச் சரியாகப் பார்த்தாள். கையைக் குவித்தவள், அப்படியே நின்றுவிட்டாள்.

“அடியே! நான் குடுத்த படமா இது?”

“ஆமாக்கா.”

“நான் எங்கியோ அடுப்படியில மாட்டியிருப்பன்னு நெனச்சேன். நடுக்கூடத்துல, இவ்வளவு பெரிய செவுரு பூரா அவளுக்குக் குடுத்திருக்கியே. இங்க வாங்க, பாருங்க. நம்ம ஆத்தா எப்படி உக்காந்திருக்கா பாருங்க!”

பிச்சைமுத்து சன்னலுக்கு வெளியே பார்த்தார்.

செல்லாயி பையைத் திறந்து தரையில் உட்கார்ந்தாள். தாம்பாளம் கேட்டாள். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு, மஞ்சள், ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். கடைசியில் எலுமிச்சம்பழம் இரண்டு. அதில் ஒன்று விளிம்பில் பட்டுத் தாம்பாளத்தைவிட்டு விழுந்தது.

விழுந்த பழம் நிற்கவில்லை. சீமெண்டுத் தரையில் மெதுவாக, யாரோ நூல் கட்டி இழுப்பது போல உருண்டது. ராமையாவின் காலைச் சுற்றிக்கொண்டு போனது. கூடத்தின் பாதியைக் கடந்ததும் கொஞ்சம் வேகம் பிடித்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, நேராகப் போய்ச் சிவப்புத் துணிக்குள் நுழைந்து மறைந்தது. உள்ளே சுவரில் இடிக்கும் சின்னச் சத்தம்கூடக் கேட்டது.

 முடிந்தது என்று காளியம்மா நினைத்தாள். நினைக்கும்போதே, அப்பாடா என்றும் இருந்தது.

“ஆத்தா!” என்றாள் செல்லாயி. கண்ணில் நீர் கட்டிவிட்டது. “பாத்தீங்களா? நான் குடுக்குறதுக்குள்ள அவளே வாங்கிக்கிட்டா. அவ கால்ல போயி விழுந்துச்சு. இதுக்கு மேல என்ன வேணும்? டேய் ஜெயபாலா, தட்டுனது போதும்.”

ஜெயபாலன் மட்டும் கொஞ்சம் யோசித்தான். “அந்தச் செவுத்தையும் ஒருவாட்டிப் பாத்துர்றேன்க்கா. படத்தக் கொஞ்சம் எறக்குனா...”

“சாமிய நவுத்தாதடா! அவ வரம் குடுத்துருக்கா, நீ காச வச்சி அவ மொதுகுல தட்டப் போறியா? புத்தி கித்தி இருக்கா?”

ஐம்பது காசு பைக்குள் போனது.

வெற்றிலைப் பாக்குத் தட்டு கைமாறியது. ராமையா பிச்சைமுத்துவின் கையைப் பிடித்துக் குலுக்கினார். பத்திரத்துக்கு எந்த வக்கீல், எப்போது வருவது என்று ஜெயபாலன் பேசினான். பிச்சைமுத்து எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். அவருடைய சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது. வெளியே மழை மறுபடியும் பிடித்துக்கொண்டது.

“இப்ப போடுடி சோத்த,” என்றாள் செல்லாயி. “மாமாவுக்குக் கண்ணு இருட்டிக்கிட்டு வருது. மொச்ச வாசம் வாசல் மிதிக்கும்போதே வந்துச்சு. நான்தான் பல்லக் கடிச்சிக்கிட்டு இருந்தேன்.”

ஆண்கள் மேசையில் உட்கார்ந்தார்கள். செல்லாயி தரையில், சாமிக்கு எதிரே உட்கார்ந்தாள். காளியம்மா முதலில் அவளுக்குத்தான் போட்டாள். சோறு, கருவாட்டுக் குழம்பு, கோழி. செல்லாயி குழம்பை ஊற்றிப் பிசைந்துகொண்டே பேசினாள்.

“மருமகளுக்குத் தை கடைசியில பொறக்கும்னு ஆஸ்பத்திரியில சொல்றாங்க. லயத்துலயே பெத்துருவாளோன்னு பயந்துக்கிட்டு இருந்தேன் காளி. இனி பயமில்ல. அவளுக்குப் பாய இந்தச் செவுத்தோரமாப் போட்டுரணும். ஆத்தா காலடியில. தொட்டில் அந்த எடத்துல தொங்கட்டும். பச்சப் புள்ள கண்ணு முழிச்சா மொதல்ல இவ மொகத்தத்தான் பாக்கணும்.”

பிசைந்த உருண்டை வாயை நோக்கிப் போனது.

காளியம்மா குனிந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வேணாம்க்கா.”

“என்னடி?”

“கை நனைக்காத.”

செல்லாயி சிரித்தாள். “பைத்தியமா ஒனக்கு? விடு, சோறு ஒழுகுது.”

காளியம்மா விடவில்லை. இன்னொரு கையால் தட்டை இழுத்தாள். சாப்பிட உட்கார்ந்தவள் முன்னாலிருந்து தட்டை எடுப்பதைவிடக் கேவலமான காரியம் ஒரு வீட்டுப் பொம்பளைக்குக் கிடையாது. அதைத் தெரிந்தேதான் எடுத்தாள். எடுத்துத் தனக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

“காளி!” என்று பிச்சைமுத்து நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “என்னா செய்யிற நீ?”

“அக்கா, அந்தப் படத்த எறக்கு. நீ குடுத்தது, நீயே எறக்கு.”

 செல்லாயி சோற்றுக் கையைத் தூக்கிப் பிடித்தபடியே எழுந்தாள். இடது கையால் படத்தின் அடியைத் தொட்டு, கும்பிட்டுக்கொண்டு, சற்றே தூக்கினாள். பாரம் தாங்காமல் ஆணியோடு படம் கைக்கு வந்துவிட்டது. ஆணி இருந்த இடத்திலிருந்து ஈரச் சீமெண்டு கட்டியாக விழுந்து விபூதித் தட்டில் உடைந்தது. பின்னால் வெடிப்பு, போட்ட பூச்சையும் பிளந்துகொண்டு கறுப்பாக நின்றது. ஜெயபாலன் ஓடிவந்து மரப்பெட்டியை இழுத்தான். சுவர் தரையில் சேரும் இடத்தில், இறங்கிப்போன சந்தில், எலுமிச்சம்பழம் பாதி புதைந்து சிக்கியிருந்தது.

 ஜெயபாலன் டார்ச்சை வெடிப்புக்குள் அடித்தான். அந்தப் பக்கம் மழை பெய்வது தெரிந்தது.

செல்லாயி படத்தை மேசையில் வைத்தாள். கண்ணாடியில் பட்டிருந்த சீமெண்டை முந்தானையால் துடைத்தாள். முழுக்கத் துடைத்து முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

“சாமிய இங்க வச்சது யாரு?”

“நாந்தான் மதினி,” என்றார் பிச்சைமுத்து உடனே. “அவளுக்கு ஒண்ணும் தெரியாது.”

“இல்ல,” என்றாள் காளியம்மா. “அவரு அலமாரின்னுதான் சொன்னாரு. நாந்தான் சாமின்னு சொன்னேன்.”

செல்லாயி தலையாட்டினாள். “அதானே. அலமாரின்னா நாங்க நவுத்தியிருப்போம். பிச்சைமுத்து தம்பிக்கு இது தெரியாது. என்னயத் தெரிஞ்சவளுக்குத்தான் தெரியும்.”

“அக்கா, மேலேருந்து பூச்சு நவமணி தலமாட்டுல விழுந்துச்சுக்கா. கொஞ்சத்துல தப்புனா. பயந்துட்டேன். வேற யாராச்சும் வருவாங்கன்னுதான்...”

“வேற யாராச்சும் வந்திருந்தா?”

காளியம்மா விபூதித் தட்டில் கிடந்த சீமெண்டைப் பொறுக்கினாள்.

“ஒம் மகளுக்குப் பயந்த. சரி. எம் மருமகளுக்கு?” கேட்டுவிட்டு செல்லாயி பதிலுக்கு நிற்கவில்லை. குழாயடிக்குப் போய்ச் சோற்றுக் கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினாள். ஒரு பருக்கை இல்லாமல் கழுவினாள். “எந்திரிங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

ராமையா தன் எதிரே இருந்த காலித் தட்டைப் பார்த்தார். எழுந்தார். வெற்றிலைத் தட்டை ஜெயபாலன் எடுத்துப் பைக்குள் கவிழ்த்தான்.

“படத்த எடுத்துக்கக்கா,” என்றாள் காளியம்மா.

“குடுத்தத திருப்பி வாங்குற பழக்கம் எனக்கு இல்ல.” வாசலில் செருப்பை மாட்டும்போது, திரும்பாமலே சொன்னாள்: “புள்ளய இனிமே அந்தக் கூடத்துல படுக்க வைக்காதீங்க. இன்னைக்கே.”

போய்விட்டார்கள். பிச்சைமுத்து நாற்காலியில் உட்கார்ந்து தலையைப் பிடித்துக்கொண்டார். “திங்கிறப்பதானா சொல்லணும்? வெத்தல மாத்துறதுக்கு முந்தி சொல்லியிருக்கலாம்ல. வந்த ஒடனே சொல்லியிருக்கலாம்ல.” அவர் திட்டியதில் தப்பு ஒன்றும் இல்லை. சொல்வதற்கு எத்தனை இடம் இருந்தது! நிம்மதியாகத் தூங்கினாயா என்று கேட்டபோது ஒரு இடம். எலுமிச்சம்பழம் உருண்டபோது ஒரு இடம். எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் கடைசியில் சோற்றுக் கையைப் பிடித்திருக்கிறாள்.

 காளியம்மா அடுக்களைக்குப் போய்த் தூக்குச்சட்டியைக் கழுவினாள். ஒரு அடுக்கில் சோறு, ஒரு அடுக்கில் மொச்சைக் குழம்பு, மேலே கோழி. வடையைக் காகிதத்தில் சுற்றினாள். தலையில் ஒரு துண்டைப் போட்டுக்கொண்டு மழையில் இறங்கினாள்.

பஸ் நிற்கிற இடத்தில் சீன அம்மா ஒருத்தியின் சின்னக் கடை. அதன் தகரத்தின் கீழே மூன்று பேரும் ஒதுங்கி நின்றார்கள். காளியம்மா மூச்சு வாங்க வந்து தூக்கையும் வடைப் பொட்டலத்தையும் நீட்டினாள்.

“மாமா பசியோட போறாரு. இதயாச்சும் எடுத்துக்கிட்டுப் போக்கா. எங்க வீட்டுல சாப்புட வேணாம். ஒங்க வீட்டுல சாப்புடுங்க.”

ராமையா செல்லாயியைப் பார்த்தார். தூக்கைப் பார்த்தார். மறுபடியும் செல்லாயியைப் பார்த்தார்.

“சோறு என்னா புள்ள தப்பு செஞ்சிச்சு?” என்றார் மெதுவாக.

 செல்லாயி கையை நீட்டிப் பொட்டலத்தையும் தூக்கையும் வாங்கிக்கொண்டாள். காளியம்மாவுக்கு உயிர் வந்தது. தூக்கு தோட்டத்துக்குப் போகிறது. எப்படியும் திரும்பி வரும். செல்லாயி வீட்டிலிருந்து வருகிற சட்டி வெறுமையாக வராது. கீரையோ கருப்பட்டியோ, ஒரு கைப்பிடி பயறோ, எதையாவது போட்டுக்கொண்டு ஒருநாள் அவளே வருவாள். திட்டுவாள். திட்டட்டும். அப்போது காலில் விழலாம்.

செல்லாயி கடைக்குள் திரும்பினாள்.

“அசோ, பிளாஸ்டிக் அடா?” என்று சீன அம்மாவிடம் மலாயில் பை கேட்டாள்.

சீன அம்மா ஒரு கட்டுப் பையை எடுத்துப் போட்டாள். செல்லாயி தூக்கின் கிளிப்பைத் திறந்து, சோற்றை ஒரு பையில் கொட்டினாள். குழம்பை ஒரு பையில் நிதானமாக, ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினாள். கோழியை ஒரு பையில் போட்டாள். ஒவ்வொன்றுக்கும் ரப்பர் போட்டுச் சுற்றிக் கட்டினாள். மூன்றையும் வடைப் பொட்டலத்தோடு ராமையாவின் கையில் மாட்டினாள். அடுக்குகளை ஒன்றன்மேல் ஒன்று வைத்து, கிளிப்பைப் போட்டு, தூக்கைக் காளியம்மாவிடம் நீட்டினாள்.

“இந்தா. ஒன் சட்டி.”

“அக்கா...”

“புடி. பஸ் வருது.”

பிடித்தாள். பஸ் சேற்றை வாரிக்கொண்டு வந்து நின்றது. ராமையா ஏறும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தார். செல்லாயி அந்தப் பக்கத்துச் சன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

மழையில் வீடு திரும்பும்போது தூக்குச்சட்டி நடைக்கு நடை கலகலவென்று சத்தம் போட்டது. சத்தம் வராமலிருக்க அதை மார்போடு அணைத்துக்கொண்டாள். அப்படியும் போட்டது.